ஒரு தொன் பாரமும் ஒரு கிளாஸ் டீசலும்

தெல்தெனியவில் டபுள் கெப் வைத்திருக்கிற பையன் ஒருவனுக்குப் புதுசாக ஒரு யோசனை. வெள்ளைக்காரர்கள் காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவார்களே, சக்கரம் பூட்டிய சின்ன வீடு, அதுபோல ஒன்றை இங்கேயே ஒரு கராஜில் அடித்து, ரங்கல வழியாக கோர்பட்ஸ் கெப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தி, நக்கிள்ஸ் பார்க்க வருகிறவர்களுக்கு இரவு வாடகைக்கு விடுவதாம். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் கொப்பித் தாளில் கீறி வைத்திருக்கிறான். காட்டு எல்லைக்குள் நிறுத்த வனத் திணைக்களத்திடம் அனுமதி கேட்க வேண்டும் என்றேன். அது தெரியும், சொந்தக்காரர் காணி ஒன்று இருக்கிறது என்றான். அவனுடைய கவலை வேறு.

“அண்ணே, டீசல் எவ்வளவு கூடக் குடிக்கும்? அமெரிக்காவுல இத இழுத்தா லீற்றருக்கு ஓடுற தூரம் பாதியாப் போயிருதாம். அப்படின்னா எனக்குக் கட்டுப்படியாகாது.”

பாதியாவது உண்மைதான். ஆனால் அது அவர்களுடைய ரோட்டுக்கு. நம்முடைய ரோட்டுக்குக் கணக்கு வேறு மாதிரி வரும், உட்கார் என்று இரண்டு பிளேன்டீ சொன்னேன். கடைக்காரர் கொண்டுவந்து வைத்த கிளாஸ் கணக்குச் சொல்ல வசதியாக இருந்தது. 120 மில்லிலீற்றர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு லீற்றர் டீசலை எரித்தால் ஏறக்குறைய 36 மெகாஜூல் சக்தி வரும். அதில் பெரும்பங்கு ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் சூடாகப் போய்விடும். சக்கரத்துக்கு வந்து சேர்வது நாலில் ஒரு பங்கு, நன்றாக ஓடும் இன்ஜினில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு லீற்றருக்குப் பத்து மெகாஜூல் வேலை நடக்கிறது என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை வராது.

இனி நம்ம விக்டோரியா அணையை எடுத்துக்கொள்வோம். உயரம் 122 மீற்றர். 1985இல் அது திறக்கப்பட்டு, பழைய தெல்தெனிய டவுன் நீருக்குள் போனதால்தான் நாம் இந்தப் புது டவுனில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறோம். ஒரு தொன் பாரத்தை அந்த அணையின் அடியிலிருந்து உச்சிக்குத் தூக்க 1.2 மெகாஜூல் வேண்டும். டீசலாகச் சொன்னால் இந்தக் கிளாஸால் ஒரு கிளாஸ்.

“அவ்வளவுதானா?” என்றான். அவ்வளவுதான். அதே ஒரு தொன்னைச் சமதரையான தார் ரோட்டில், காற்று அமுக்கம் சரியாக உள்ள டயரில் உருட்டிக்கொண்டு போனால், அதே ஒரு கிளாஸ் டீசலுக்கு 12 கிலோமீற்றர் போகலாம். டயரின் உருளல் தடை பாரத்தில் நூறில் ஒரு பங்கு அளவுதான். அதனால் நூறு மீற்றர் உருட்டுவதும் ஒரு மீற்றர் தூக்குவதும் செலவில் ஒன்று. குன்றும் குழியுமான ரோட்டில், காற்றுக் குறைந்த டயரில் அந்தப் பங்கு இரண்டாகும், மூன்றாகும். அப்போது 12 கிலோமீற்றர் ஆறாகவும் நாலாகவும் சுருங்கும்.

அமெரிக்காக்காரனுக்குப் பாதியாகப் போவது பாரத்தால் அல்ல, காற்றால். அவன் இழுப்பது இரண்டரை மீற்றர் அகலமும் மூன்று மீற்றர் உயரமும் உள்ள ஒரு சுவர். மணிக்கு 90 கிலோமீற்றரில் அந்தச் சுவரைக் காற்றுக்குள் தள்ளிக்கொண்டு போக, நூறு கிலோமீற்றருக்கு ஏழு லீற்றர் வரை மேலதிகமாகச் செலவாகும் என்று என் கணக்கு சொல்கிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. வேகம் இரண்டு மடங்கானால் தடை நாலு மடங்கு. 1936இலேயே ஏர்ஸ்ட்ரீம் கம்பனி தன் வண்டியை அலுமினியத்தில் உருண்டையாக வளைத்துச் செய்தது அழகுக்காக மட்டும் இல்லை. கலிபோர்னியாவில் இழுவை வண்டிகளுக்கு மணிக்கு 55 மைல்தான் எல்லை, ஜெர்மனியில் பொதுவாக 80 கிலோமீற்றர். அந்தச் சட்டங்கள் பாதுகாப்புக்காகப் போட்டவை, ஆனால் எண்ணெய்ச் செலவையும் சேர்த்தே கட்டிப்போடுகின்றன.

ரங்கல ரோட்டில் நீ என்ன வேகத்தில் போவாய்? வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்துக்கொண்டு, எதிரே பஸ் வந்தால் ஓரங்கட்டிக்கொண்டு, மணிக்கு 30 போனால் பெரிய விஷயம். 90இல் இருக்கிற காற்றுத் தடையில் ஒன்பதில் ஒரு பங்குதான் 30இல் இருக்கும். நூறு கிலோமீற்றருக்கு ஒரு லீற்றருக்கும் குறைவு. ஆகவே உருண்டை மூக்கு வைப்பதற்கும் கூரையில் காற்றுத் தடுப்பான் பூட்டுவதற்கும் கராஜ்காரன் கேட்கிற காசை மிச்சம் பிடி. கண்டிக்கு இந்தப் பக்கம் அதனால் பத்துப் பைசா பிரயோசனம் இல்லை. கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ இழுத்துக்கொண்டு ஓடுவதாக இருந்தால் பேச்சு வேறு.

உனக்குச் செலவு வைப்பது ஏற்றம். விக்டோரியா நீர்த்தேக்கம் நிரம்பி நிற்கும்போது நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 438 மீற்றர். கோர்பட்ஸ் கெப் ஆயிரம் மீற்றருக்கு மேலே. ஆக 600 மீற்றர் அளவில் நிகரமாகத் தூக்க வேண்டும், அதாவது விக்டோரியா அணையை ஐந்து தரம். ஒரு தொன் ட்ரெயிலருக்கு ஐந்து கிளாஸ், 600 மில்லிலீற்றர். உன் டபுள் கெப்பே இரண்டு தொன், அதற்குப் பத்துக் கிளாஸ். ட்ரெயிலர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பத்துக் கிளாஸை நீ ஊற்றித்தான் ஆக வேண்டும். இடையில் ரோடு இறங்கி மறுபடி ஏறுகிற இடங்களுக்குத் தனிக்கணக்கு.

இதில் நம்ப மாட்டாத ஒரு விஷயம் உண்டு. பாரம் ஒன்றரை மடங்கானால் டீசலும் ஒன்றரை மடங்காக வேண்டும் என்று நினைப்போம். ஆகாது. இன்ஜின் சும்மா சுழல்வதற்கே எண்ணெய் வேண்டும். உன்னுடையதைப் போன்ற டீசல் இன்ஜின் நின்ற இடத்தில் ஓடினாலே மணிக்கு அரை லீற்றர் அளவில் குடிக்கும். வெறும் வண்டியில் அந்தத் தண்டச் செலவு பெரிய பங்கு. பாரம் ஏறியதும் அதே தண்டச் செலவு கூடுதலான வேலைக்குப் பங்கிடப்படுகிறது. அதனால் பாரத்தோடு ஏறும் டீசல் இன்ஜின், வெறுமனே போகும் டீசல் இன்ஜினைவிட ஒவ்வொரு சொட்டையும் உருப்படியாகப் பயன்படுத்துகிறது. ஆனால் கியரைக் குறைக்காமல் அடக்கிக்கொண்டு ஏற்றினாலும், முதலாவது கியரில் கத்தவிட்டு ஏற்றினாலும் அந்த நன்மை போய்விடும். சின்ன பெற்றோல் இன்ஜினை முழுக்க மிதித்து ஏற்றினால், சூட்டைத் தணிக்க அது மேலதிகமாகப் பெற்றோலைத் தெளிக்கும். ஊரில் நிறைந்திருக்கிற சின்ன ஹைபிரிட் கார்களில் இதைக் கொளுவ யாராவது நினைத்தால், முதலில் கையேட்டைப் புரட்டச் சொல். இழுக்கவே கூடாது என்று எழுதியிருக்கும் மொடல்கள் உண்டு.

“ஏறும்போது போறதெல்லாம் இறங்கும்போது திரும்ப வந்துரும்தானே? நியூட்ரல்ல விட்டாச் சொட்டு டீசல் போகாது.”

இதைக் கேட்டதும் என் கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். 2022இல் எண்ணெய்க்கு வரிசை நின்ற காலத்தில் இந்தப் பழக்கம் நம்ம ஆட்களுக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. எண்ணெய்க்குக் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். எல்லா இறக்கத்திலும் நியூட்ரல்தான். ஆனால் இப்போதைய இன்ஜின்களில் கியரில் போட்டு, காலை எடுத்துவிட்டு இறங்கினால் எண்ணெய் தெளிப்பதே நின்றுபோகும். சக்கரம்தான் இன்ஜினைச் சுழற்றும். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கச் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டே இருக்கும். நியூட்ரலில்தான் செலவு கூட. பழைய கார்புரேட்டர் வண்டியில் கதை வேறாக இருக்கலாம், ஆனால் அதற்காக மலையில் யாரும் உயிரைக் கொடுக்க வேண்டியதில்லை.

மூன்று தொன் வண்டி 600 மீற்றர் இறங்கும்போது வெளிவரும் சக்தி 17 மெகாஜூலுக்கு மேல். அரை லீற்றர் டீசலைச் சக்கரங்களின் மேல் ஊற்றிக் கொளுத்தினால் வரும் சூடு அது. டயரும் காற்றும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை ஒன்றில் கியரிலிருக்கும் இன்ஜின் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் வாங்க வேண்டும். முழுவதையும் பிரேக் தலையில் கட்டினால் பாதி வழியில் தீய்ந்த மணம் வரும், பிறகு மிதித்தாலும் பிடிக்காது. ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய லொறிக்காரர்கள் சொல்வது இதனால்தான். ட்ரெயிலருக்கென்று தனி பிரேக் இல்லாமல் அந்த ரோட்டில் ஒரு தொன்னைக் கொண்டு போகாதே.

வயலுக்குப் போகும் கை ட்ரக்டரில் பெட்டி கொளுவி இறங்குகிறவர்களுக்கு இதில் இன்னொரு வில்லங்கம் தெரியும். மேட்டிலும் சமதரையிலும் இடது பிடியை அமுக்கினால் இடது பக்கம் திரும்பும். இறக்கத்தில், பின்னால் பெட்டி தள்ளும்போது, அதே இடது பிடியை அமுக்கினால் வலது பக்கம் திரும்பும். இன்ஜினிலிருந்து விடுபட்ட சக்கரம் வேகமாக உருண்டுவிடும், மற்றச் சக்கரத்தை இன்ஜின் பிடித்து வைத்திருக்கும், அதனால் வண்டி எதிர்ப்பக்கம் போகும். புதுசாக ஓட்டுகிறவன் இதைக் காணுக்குள் விழுந்துதான் படிப்பான்.

பையன் கீறிய தாளைக் கேட்டு வாங்கினேன். தண்ணீர்த் தாங்கி 300 லீற்றர் என்று போட்டிருந்தான். 300 லீற்றர் என்றால் 300 கிலோ. நக்கிள்ஸ் மலைக்குத் தண்ணீர் கொண்டு போகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன். அங்கே ஓடையில்லாத மடிப்பு எங்கே இருக்கிறது? வெறுந்தாங்கியாக ஏற்று, மேலே நிரப்பு, இறங்கும்போது திறந்துவிட்டு இறங்கு. போகும்போது ஒன்றரைக் கிளாஸ் டீசல் மிச்சம். டீசலைவிட, திரும்பும்போது பிரேக்குக்கு 300 கிலோ மிச்சம். பாதி நிரம்பிய தாங்கியும் ஆபத்து. வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் அள்ளுண்டு போய் வண்டியை ஆட்டும். காஸ் சிலிண்டர் பன்னிரண்டரைக் கிலோ என்கிறாய், அது உள்ளேயுள்ள காஸின் நிறை. இரும்பையும் சேர்த்தால் இரண்டு மடங்கு அளவுக்கு வரும். ஒரு இரவுக்குத் தேநீரும் மாகியும் போட 2.3 கிலோ சின்னச் சிலிண்டர் போதும். முதிரைப் பலகைக் கட்டில் எதற்கு? அலுமினியச் சட்டமும் மெத்தையும் போடு. சாமானில் பாரமானவற்றைச் சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வை. மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு கொளுக்கியில் அமர வேண்டும். பின்பக்கம் ஏற்றினால் ட்ரெயிலர் வாலாட்டத் தொடங்கும்.

“மீற்றர்ல பாத்தாத் தெரியும்தானே எவ்வளவு போகுதுன்னு?”

டாஷ்போர்ட் மீற்றரைப் பார்க்காதே. ஏறும்போது லீற்றருக்கு நாலு காட்டும், இறங்கும்போது தொண்ணூற்றொன்பது காட்டும், இரண்டையும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இங்கே எண்ணெய் செட்டில் டேங்கை நிரப்பு. ட்ரெயிலர் இல்லாமல் ஒரு தரம் போய்வந்து, அதே செட்டில், அதே பம்பில் மறுபடி நிரப்பி, எத்தனை லீற்றர் போனது என்று எழுது. பிறகு கொளுவிக்கொண்டு ஒரு தரம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ட்ரெயிலரின் செலவு. அதை மைலேஜாக மாற்றாமல் லீற்றராகவே எழுதி வை, வாடகை போடும்போது அதுதான் உதவும். போகவர ஒன்றரை லீற்றருக்கு மேல் கூடினால் ட்ரெயிலர் டயரில் காற்றுக் குறைவா, பிரேக் உரசிக்கொண்டு ஓடுகிறதா என்று பார். ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் தெரிந்துவிடும்.

தாளைத் திருப்பி வாங்கி, தண்ணீர்த் தாங்கியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு கட்டில் கீறினான். ஆள் ஒன்று கூடினால் அறுபது கிலோ என்றேன். ஆட்கள் ஏறும்போது கெப்பில்தான் இருப்பார்கள் என்றான். அதுவும் ஏற வேண்டிய பாரம்தானே என்றதற்கு, “அது வாடகை குடுக்குற பாரம் அண்ணே” என்றான்.