தாய்ப்பாலோடு வந்த மொழி

1822-ன் கடைசி. பிரிட்டிஷார் கையிலிருந்த ஸாக்கிந்தோஸ் தீவு. இருபத்து நாலு வயதுக் கவிஞர் டியோனிசியோஸ் சொலோமோஸ், தன்னைப் பார்க்க வந்தவரிடம் ஒரு கவிதையைப் படித்துக் காட்டுகிறார். கவிதை இத்தாலிய மொழியில். பத்து வருடம் இத்தாலியில் படித்தவருக்கு அதுதான் கைக்கு வந்தது. எதிர்க்கரையில் கிரேக்கர்கள் துருக்கியரோடு போரிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வந்தவர் ஸ்பிரிடோன் ட்ரிக்கூப்பிஸ். உங்கள் திறமைக்கு இத்தாலியில் இடம் கிடைக்கும், ஆனால் முதல் வரிசையில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்தாயிற்று. கிரேக்கத்துக்கோ இத்தாலியின் மகாகவி தாந்தே போல் ஒருவர் இன்னும் வரவில்லை என்றாராம். எனக்குக் கிரேக்கம் சரியாகத் தெரியாதே என்று கவிஞர் தயங்க, தாய்ப்பாலோடு குடித்த மொழி அதுதானே என்று மடக்கினாராம். பல வருடம் கழித்து ட்ரிக்கூப்பிஸே கடிதத்தில் எழுதியது இது. தன் பெருமையைத் தானே சொல்பவரின் கணக்கில் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆனால் 1823 மே மாதம் சொலோமோஸ் 158 பத்திகளில் சுதந்திரத்துக்கு ஒரு கீதம் எழுதினார், கிரேக்கத்தில். அதன் தொடக்கப் பத்திகள் 1865 முதல் கிரேக்க தேசிய கீதம்.

ட்ரிக்கூப்பிஸின் சொந்த ஊர் மிசொலோங்கி. 1824 ஏப்ரலில் கவிஞர் பைரன் அங்கே காய்ச்சலில் இறந்தபோது, தேவாலயத்தில் இரங்கல் உரை ஆற்றியவர் இவர்தான். 1833-ல், பதினேழு வயது பவேரிய இளவரசன் ஒட்டோ மன்னனாக வந்திறங்கிய வருடம், பிரதமர் ஆனார். சில மாதப் பதவி. உண்மையான அதிகாரம் மன்னனோடு வந்த பவேரியர்களிடம். பிறகு மூன்று முறை லண்டனில் தூதர். மகன் கரிலாவோஸ் ஏழு முறை பிரதமரானதில், இன்று கிரீஸில் ட்ரிக்கூப்பிஸ் என்றால் மகன்தான் முதலில் நினைவுக்கு வருகிறார்.

1821-ல் பாரிஸில் பாமரர் பேச்சில் ஒரு கவிதை நூலே வெளியிட்டவர் அப்பா. துருக்கியருக்கு எதிரான அந்தப் புரட்சியின் வரலாற்றை எழுத உட்கார்ந்ததும் பண்டிதர் நடைக்குப் போய்விட்டார். ஊருக்கு உபதேசம் என்று சிரிக்கத் தோன்றுகிறது. ஆனால் அரசாங்கமும் பள்ளியும் அந்த நடையைத்தான் மதித்த காலம் அது.

அந்தப் போரில், 1826-ல், ஒரு வருட முற்றுகைக்குப் பின் மிசொலோங்கி வீழ்ந்தது. அதைப் பாட முனைந்த சொலோமோஸ் பல வருடங்கள் திருத்தித் திருத்தி எழுதியும் முடிக்கவில்லை. ட்ரிக்கூப்பிஸின் வரலாறு நான்கு பாகங்களாக லண்டனில் முடிந்தது 1857-ல். சொலோமோஸ் கோர்ஃபூ தீவில் இறந்ததும் அதே வருடம்தான். முற்றுகைக் கவிதை துண்டு துண்டாகக் காகிதக் கட்டில் கிடந்தது.