கண்ணுக்குப் புலப்படாத வேலி

மின்வேலி என்றால் நம் நாட்டவருக்கு முதலில் நினைவில் எழுவன, காட்டுப்பன்றியிடமிருந்தும் யானையிடமிருந்தும் வயலைக் காக்கக் கட்டிய கம்பியும், அதில் முறைகேடாக மின்சாரம் பாய்ச்சியதால் மனிதரும் மிருகமும் மாண்ட செய்திகளும்தான். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் புறநகர்களில் நாய்களை வீட்டெல்லைக்குள் நிறுத்திவைக்கப் பயன்படும் மின்வேலி முற்றிலும் வேறு ஜாதியைச் சேர்ந்தது. அதற்குக் கம்பமும் இல்லை, கண்ணில் படும் கம்பியும் இல்லை. எல்லையில் யார் கை வைத்தாலும் அவர்களுக்கு ஒன்றும் நேராது. அதிர்ச்சி தரும் கருவி நாயின் கழுத்திலேயே கட்டப்பட்டிருக்கிறது.

இத்தகைய விநோதமான யுக்திக்கு அந்தத் தேசத்தில் தேவை ஏற்பட்ட காரணத்தை அறிய, அங்குள்ள வீடுகளின் முற்றத்தை முதலில் பார்க்க வேண்டும். ஒரு வீட்டின் புல்தரை அடுத்த வீட்டின் புல்தரையோடு தடையின்றிக் கலந்து, தெரு நெடுகிலும் ஒரே பூங்காவாகத் தோன்ற வேண்டும் என்பது அங்கு நெடுநாளைய அழகுக் கொள்கை. 1870ஆம் ஆண்டிலேயே பிராங்க் ஸ்காட் என்பவர், புறநகர் இல்லங்களை அழகுபடுத்தும் கலையைப் பற்றி எழுதிய நூலில், தம் தோட்டத்தின் எழிலை அயலார் காணாதபடி வேலியிட்டு மறைப்பது கிறிஸ்தவ தர்மத்துக்கே ஒவ்வாதது என்னும் அளவுக்குப் போனார். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு நியூயார்க் அருகே ஆயிரக்கணக்கில் வீடுகள் எழுந்த லெவிட்டவுனில், வேலி போடக்கூடாது என்பது வீட்டுப் பத்திரத்திலேயே நிபந்தனையாக இடம்பெற்றது. இன்றும் பல குடியிருப்போர் சங்கங்கள் முன்புற வேலியை அனுமதிப்பதில்லை. வேலி இல்லாத முற்றமும், கட்டிப் போடப்படாத நாயும், வேகமாகக் கார்கள் ஓடும் சாலையும் ஓரிடத்தில் சேர்ந்தால் விளைவது என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஊர் ஊராகச் சுற்றிவந்த விற்பனையாளரான ரிச்சர்ட் பெக், சாலைகளில் அடிபட்டுக் கிடந்த நாய்களைக் கண்டு மனம் வருந்தியே இக்கருவியைச் சிந்தித்தார் என்று சொல்லப்படுவதுண்டு. 1973இல் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். இது வேலை செய்யும் விதம் எளியது. கார் கொட்டகையில் சிறு பெட்டி ஒன்று மின்சார இணைப்பில் மாட்டப்பட்டிருக்கும். அதிலிருந்து புறப்படும் கம்பி சில அங்குல ஆழத்தில் புதைந்து, மனையைச் சுற்றிவந்து, மீண்டும் பெட்டியிலேயே முடியும். பெட்டி அனுப்பும் வலிமை குறைந்த ரேடியோ சமிக்ஞை கம்பியின் இருபுறமும் சில அடி தூரம் பரவும். பெட்டிக்கும் எல்லைக்கும் இடையில் போகவர உள்ள இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால், எதிரெதிர்த் திசைகளில் ஓடும் மின்னோட்டங்கள் ஒன்றையொன்று அழித்துவிடுவதால், அந்த இடத்தை நாய் பயமின்றிக் கடக்கலாம். புல்தரையைச் சீர்செய்யும் மண்வெட்டி கம்பியை அறுத்துவிட்டால், பெட்டி ஒலியெழுப்பித் தன் குறையைத் தானே தெரிவிக்கும்.

நாயின் கழுத்துப்பட்டையில் தீப்பெட்டியளவில் ஓர் ஏற்பி இருக்கிறது. அதிலிருந்து நீளும் இரண்டு மழுங்கிய உலோக முனைகள், ரோமத்தை விலக்கிக்கொண்டு தோலைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பட்டை தளர்ந்தால் கருவி பயனற்றுப் போகும். இறுகினாலோ, நாள் முழுவதும் கழற்றாமல் விட்டாலோ, முனைகள் அழுந்திய இடத்தில் புண் உண்டாகும். நாய் எல்லையை நெருங்கியதும் முதலில் எச்சரிக்கை ஒலி எழும்; அதையும் மீறி முன்னேறினால் அதிர்ச்சி பாயும். உயிருக்கு அபாயமில்லாத அளவே எனினும், வலிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இந்த நியதியை நாய்க்குக் கற்பிப்பதற்காக எல்லை நெடுகச் சிறு வெள்ளைக் கொடிகளை நட்டு, எஜமானர் அதைக் கயிற்றில் பிடித்து அருகே நடத்திச் செல்வார். ஒலி கேட்டவுடன் உள்நோக்கி இழுத்து, திரும்பி வந்ததற்குப் பரிசாகத் தின்பண்டம் கொடுப்பார். இரண்டு வாரங்களில் நாய் எல்லையைப் பழகிக்கொண்டபின், கொடிகள் சிறிது சிறிதாக அகற்றப்படும்.

அதன்பிறகு நாயை உள்ளே நிறுத்துவது அதன் ஞாபகமே. இந்த வேலியின் பெருமைக்கும் பலவீனத்துக்கும் ஒருங்கே காரணம் இதுதான். அணிலைக் கண்டு வெறிகொண்டு பாயும் நாய் ஒரு கணத்து வலியைப் பொருட்படுத்தாமல் எல்லையைத் தாண்டிவிடும்; வேட்டையின் உற்சாகம் அடங்கித் திரும்பி வரும்போதோ, அதே வலியை ஏற்றுக்கொள்ள அதற்குக் காரணமும் இராது, துணிவும் இராது. ஆகவே, உள்ளே நிறுத்தவென்று செய்த வேலி அப்போது நாயை வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. ஓஹையோ மாநிலத்து ஆராய்ச்சியாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், மின்வேலிக்குள் வளர்ந்த நாய்களில் நூற்றுக்கு 44 தப்பிச் சென்றிருந்தன. கண்ணுக்குத் தெரியும் வேலிக்குள் வளர்ந்தவற்றில் அவ்விகிதம் 23 மட்டுமே.

இன்னொரு குறையும் உண்டு. பட்டை அணிந்த பிராணிக்கு மட்டுமே இந்த வேலி வேலியாகும். தெருவில் திரியும் நாய், நரி, திருடன், விளையாட்டுத்தனமாக உள்ளே நுழையும் குழந்தை ஆகிய எவருக்கும் அது தடையாகாது. கட்டுண்ட நாய் மட்டும் தப்பியோட வழியின்றி நிற்கும். ரிச்சர்ட் போல்ஸ்கி என்னும் விலங்கு நடத்தை அறிஞர் 2000ஆம் ஆண்டில், இவ்வேலிக்குள் இருந்த நாய்கள் மனிதரைக் கடுமையாகத் தாக்கிய ஐந்து சம்பவங்களை ஆராய்ந்து, அதிர்ச்சியே அந்த மூர்க்கத்தைத் தூண்டியிருக்கக்கூடும் என்ற கருத்தை வெளியிட்டார். வழியே போகும் மனிதனை நோக்கி வாலாட்டிக்கொண்டு ஓடும் நாய்க்கு அதே கணத்தில் கழுத்தில் வலித்தால், அந்த வலிக்குக் காரணம் அம்மனிதனே என்று அது எண்ணுவதில் வியப்பில்லை.

பூனையின் விஷயம் சற்று வேறு. சுவரும் வேலியும் பூனைக்கு ஒரு பொருட்டல்ல. அதை வெளியே உலவவும் விட வேண்டும், சாலைக்குப் போகாமலும் தடுக்க வேண்டும் என்று விரும்புவோருக்கு வழிகள் சிலவே. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தார், ஓராண்டுக்கு மேல் இவ்வேலிக்குள் வாழ்ந்த 23 பூனைகளையும், சுதந்திரமாகத் திரிந்த 23 பூனைகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவில், நீடித்த மனத்துன்பத்துக்கு அடையாளம் காணப்படவில்லை. எனினும் முதல் நாட்களில் அவை பட்ட வேதனையை அந்த ஆய்வு அளக்கவில்லை.

இக்காரணங்களால் சட்டம் இடத்துக்கு இடம் மாறுபடுகிறது. வேல்ஸ் நாடு 2010இல், எல்லை வேலிக்குரியவை உட்பட, நாய்க்கும் பூனைக்கும் அதிர்ச்சி தரும் பட்டைகள் எல்லாவற்றையும் தடை செய்தது. உற்பத்தியாளர்கள் நீதிமன்றம் சென்றும் அத்தடை நிலைத்தது. இங்கிலாந்திலோ, 2018இல் இத்தகைய தடை ஆலோசிக்கப்பட்டபோது, சாலை விபத்திலிருந்து பூனைகளைக் காக்க இதுவே வழி என்று பலர் முறையிட்டதன் பேரில், எஜமானர் கையில் வைத்து இயக்கும் கருவியை மட்டும் தடைக்கு உட்படுத்தி, எல்லை வேலியை விட்டுவிடுவதென அரசாங்கம் தீர்மானித்தது. எஜமானரின் கோபம் விசையை அழுத்தக்கூடும், புதைந்த கம்பிக்குக் கோபமில்லை என்னும் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் அந்த நியாயம், வேறு வழியே இல்லாத இடத்துக்குத்தான் பொருந்தும். மரவேலி போட இடமும் வசதியும் இருந்தும், முற்றத்தின் அழகு கெடும் என்பதற்காக மட்டும் ஒருவர் கம்பியைப் புதைப்பாரானால், அவர் தம் கண்ணின் சுகத்துக்குரிய விலையைத் தம் நாயின் கழுத்தில் ஏற்றிவிடுகிறார் என்றே சொல்ல வேண்டும். வேறு வழியில்லாமல் புதைப்பவரும், பட்டையின் மின்கலத்தை அவ்வப்போது சோதித்து, இரவில் பட்டையைக் கழற்றி, பிராணி வெளியே இருக்கும் நேரமெல்லாம் தாமும் கண்பார்வைக்குள் இருப்பது அவசியம். ஏனெனில் நாயைத் தடுக்கும் இந்த வேலி, நாய்க்குக் காவலாக இருக்க வல்லதன்று.