மூணு தோசை, நாலு பேர்

வெளியே கரீஃப் தூறல். அடுப்படியில நான். நாலாவது படிக்கிற மகள் கணக்கு நோட்டைத் தூக்கிக்கிட்டு வந்தா. "அம்மா, 3 ÷ 4 எவ்வளவு?"

"சின்ன நம்பரைப் பெரிய நம்பரால வகுக்க முடியாதும்மா. பூஜ்யம், மீதி 3னு போடு" என்றேன். மஸ்கட்டில் நான் படித்த காலத்தில் மனசில் பதிந்தது அப்படியே வந்துவிட்டது.

மறுநாள் நோட்டில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. "நீங்கதானே சொன்னீங்க!" என்று அவள் அழுததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் மூணே தோசை, ஆள் நாலு பேர். பாளையங்கோட்டையிலிருந்து அம்மா வந்திருந்தாங்க. "நீயே சமமா பங்கு போடு" என்று மகளிடம் தட்டைத் தள்ளினேன்.

ஒவ்வொரு தோசையையும் நாலாக வெட்டினாள். 12 துண்டு, ஆளுக்கு மூணு. ஒவ்வொரு துண்டும் கால் தோசை.

"மூணு காலுன்னா என்னட்டி? முக்கால்" என்றார்கள் அம்மா. "நானா இருந்தா இத்தனை வெட்டு வெட்ட மாட்டேன். ரெண்டு தோசையைப் பாதி பாதியா, மூணாவதை மட்டும் நாலா. ஆளுக்கு அரையும் காலும். அதுவும் முக்கால்தான்."

மகள் கொஞ்ச நேரம் தோசையையே பார்த்தாள். "அப்போ 3/4ல இருக்கிற கோடு வகுத்தல் கோடா?"

ஆமாம். 3 ÷ 4 என்ற கேள்விக்கு 3/4 தான் விடை. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னம் வரலாம் என்பதைப் பள்ளியில் நான் படிச்சேன்தான், ஆனா இப்படிப் பார்த்ததில்லை. 'முக்கால்' என்ற சொல்லுக்குள்ளேயே மூணு கால் இருக்கு. இங்கே வளரும் நம்ம பிள்ளைகளுக்கு அதை யார் சொல்றோம்? காலில் பாதி அரைக்கால், அதாவது 1/8. அதிலும் பாதி வீசம், 1/16. அம்மா விரல் விட்டுச் சொல்லச் சொல்ல, மகள் கடைசித் துண்டைக் கிள்ளிக் கிள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

என் 'மீதி' முழுத் தப்பும் இல்லை. 7 தோசையை 4 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒண்ணே முக்கால். ஆனா 7 பேர் முக்ஸைல் கடற்கரைக்குப் போகணும், காருக்கு 4 பேர்னா ஒண்ணே முக்கால் காரா எடுப்போம்? மீதி மூணு பேருக்கு இன்னொரு கார் வேணும். பங்கிடும் பொருளை வெட்ட முடியுமா என்று முதலில் கேட்கச் சொல்லுங்க.

காசிலும் பார்த்தோம். ஒரு ரியாலுக்கு 1000 பைசா. 3 ரியாலை 4 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 750 பைசா: ஒரு அரை ரியால் நோட்டு, ரெண்டு நூறு பைசா, ஒரு ஐம்பது பைசா. இதுவும் முக்கால் ரியால்தான். மேசையில் அடுக்கிவிட்டு மகள் கேட்டாள்: "ஆச்சி, ஒரு ரியாலை மூணு பேருக்குப் பிரிச்சா?"

"ஆளுக்கு 333. ஒரு பைசா மிஞ்சும்ட்டி."

"ஒரு தோசைன்னா?"

"மூணுல ஒண்ணு. ஒண்ணும் மிஞ்சாது."

"அரை, கால் மாதிரி அதுக்கு ஒரு பேரு இல்லையா?"

அம்மா யோசிச்சாங்க. நானும்தான்.