புதுக் குஞ்சுக்கு ஏன் விளக்கு?

பொரித்து ஓரிரு நாளே ஆன கோழிக்குஞ்சால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. மெல்லிய தூவி உதிர்ந்து இறகு முளைக்கும்வரை தாய்க்கோழியின் சிறகோ, அதற்கு ஈடான விளக்கோ வேண்டும். முதல் வாரம் சுமார் 35 டிகிரி செல்சியஸ். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் சித்திரைப் பகலில் விளக்கே தேவைப்படாது; மலையடிவாரத்து மார்கழி இரவில் அணைக்கவே கூடாது. வெப்பமானியைவிடக் குஞ்சுகளையே நம்பலாம்: விளக்கடியில் நெருக்கியடித்துக் கத்தினால் குளிர்; ஓரத்துக்கு ஒதுங்கி வாய் பிளந்து மூச்சுவாங்கினால் சூடு அதிகம். குஞ்சுகளைச் சுற்றி வைக்கும் தடுப்பை வட்டமாக அமைப்பதும் இதனால்தான். மூலை இருந்தால் குளிரில் அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் கிடப்பவை மூச்சுத் திணறிச் சாகும்.

பொரிக்குமுன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள்கரு இரண்டு நாள் பசி தாங்கும். பொரிப்பகத்திலிருந்து வரும் பயணத்தைக் குஞ்சு இரையில்லாமல் கடப்பது அப்படித்தான். தாகம் வேறு. வந்ததும் அலகைத் தண்ணீரில் தொட்டுக் காட்ட வேண்டும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டால் குஞ்சு மூழ்காது. ராஜபாளையம் நாய் வளர்க்கும் வீடானால் தடுப்புக்குக் கம்பிவலை மூடி அவசியம், வேட்டைக்குப் பழகிய இனம் அது.

முதல் வாரத்திலேயே வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு எதிரான சொட்டு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ விடுவார்கள். அதில் இருப்பது வீரியம் குறைந்த உயிருள்ள வைரஸ்; பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவராவிட்டால் பலனில்லை.