இருதய ஆபத்தை அளக்கும் கோல்



சிறுநீரகம் செயலிழந்த ஒருவர், கிழமைக்கு மும்முறை வைத்தியசாலைக்குச் சென்று, இயந்திரத்தின் துணையால் குருதியைச் சுத்திகரித்துக்கொண்டு உயிர் வாழ்கிறார். அவருக்கு நீரிழிவும் உண்டு. அவருடைய உயிருக்கு ஊறு எங்கிருந்து வரும் என்று வினவினால், சிறுநீரகத்திலிருந்துதான் என்று நம்மிற் பலர் விடை கூறுவர். ஆனால், அத்தகையோரின் உயிரைக் கவரும் காரணங்களுள் முதன்மையானது இருதய நோயே. அங்ஙனமாயின், அவர்களுள் எவருக்கு ஆபத்து மிகுதி என்பதை முன்னரே அறிய வழியுண்டா? இதுவே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1960ஆம் ஆண்டு பெல்டிங் ஸ்கிரிப்னர் என்னும் வைத்தியர், நோயாளியின் கையில் நிலையாகப் பொருத்தத்தக்க குழாயொன்றை அமைத்து, நெடுங்காலம் குருதியைச் சுத்திகரிக்க வழி கண்டார். அம்முறையால் முதன்முதலிற் பயன்பெற்ற கிளைட் ஷீல்ட்ஸ் என்பவர் பதினோர் ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். 1971இல் அவர் உயிரைப் பறித்தது மாரடைப்பு. நெடுநாட் சுத்திகரிப்புப் பெறுவோரின் நாடிகள் விரைந்து தடிப்புறுகின்றன என்று 1974இல் ஸ்கிரிப்னரின் குழுவினரே எழுதினர். சிறுநீரகத்துக்கு மாற்று வழி கண்ட பின்னும் இருதயம் தப்பவில்லை என்பது அன்றே புலப்பட்டது.

இருதய ஆபத்தை முன்னறியும் முயற்சி இதனினும் பழையது. அமெரிக்காவிலுள்ள பிராமிங்காம் என்னும் ஊரில் 1948இல் ஆராய்ச்சி தொடங்கி, 5,209 ஆண்களையும் பெண்களையும் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். வயது, குருதியமுக்கம், கொலஸ்திரோல், புகைபிடித்தல், நீரிழிவு ஆகியவற்றைக் கணக்கிட்டு ஒருவருக்கு நேரக்கூடிய ஆபத்தை மதிப்பிடும் முறை அதிலிருந்து வளர்ந்தது. பொதுமக்களுக்கு இக்கோல் நன்கு உதவிற்று. ஆயினும், சுத்திகரிப்புப் பெறும் நீரிழிவு நோயாளரிடத்து இது பிழைபடுகிறது. ஏன் என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

கொலஸ்திரோல் குறைந்திருப்பது நன்று என்பது பொது விதி. இந்நோயாளரிடத்தோ, அது குறைந்திருப்பது போதிய உணவின்மையின் அறிகுறியாகவும், உடலில் ஓயாது நிகழும் அழற்சியின் அறிகுறியாகவும் இருத்தல் கூடும். அவ்வாறே, குருதியமுக்கம் தாழ்ந்திருப்பது இருதயம் களைத்துவிட்டமையைக் குறிக்கலாம். மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் பரிசோதனையும் இவர்களிடத்து முழு நம்பிக்கைக்குரியதன்று. செங்குருதிக் கலங்களின் ஆயுள் இவர்களிற் குறுகிவிடுவதால், அப்பரிசோதனை உண்மையினும் குறைந்த அளவையே காட்டக்கூடும்.

இதனை ஐயமற விளக்கியது ஜேர்மனியில் நடந்த ஓர் ஆராய்ச்சி. சுத்திகரிப்புப் பெற்றுவந்த நீரிழிவு நோயாளர் 1,255 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அட்டோர்வாஸ்டாட்டின் என்னும் கொலஸ்திரோல் மருந்தும், மற்றவர்களுக்கு மருந்தற்ற வில்லையும் வழங்கினர். முடிவு 2005இல் வெளிவந்தது. மருந்துண்டவர்களின் தீய கொலஸ்திரோல் பெரிதும் குறைந்தது. எனினும், இருதய நோயால் நேரும் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் தொகை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. பல நாடுகளிற் சுத்திகரிப்புப் பெற்ற 2,776 பேரிடம் வேறொரு மருந்தைக் கொண்டு செய்த ஆராய்ச்சியும் 2009இல் இதே முடிவைத் தந்தது.

காரணம் யாது? ஜேர்மனிய நோயாளருள் மாண்டவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர், இருதயத் துடிப்புத் திடீரென நின்று மாண்டவர். இவர்களின் இருதயத் தசை தடித்து, நார்த்தன்மை அடைந்திருக்கும். நாடிச் சுவர்களிற் சுண்ணம் படிந்திருக்கும். இந்நிலையில், ஒரு சுத்திகரிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே உடலில் நீரும் பொற்றாசியமும் ஏறுகின்றன. சுத்திகரிப்பின்போது அவை விரைந்து இறங்குகின்றன. இவ்வேற்றமும் இறக்கமும் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்க வல்லன. அமெரிக்காவில் 32,065 நோயாளரை ஆராய்ந்து 2011இல் வெளியிடப்பட்ட அறிக்கை, இரண்டு நாள் இடைவெளிக்குப் பின் வரும் நாளில் மரணம் மற்றைய நாட்களினும் மிகுதி எனக் காட்டிற்று.

ஆகவே, புதிய கோல் இருதயத் தசையையே நோக்க வேண்டியதாயிற்று. தசைக்கு ஊறு நேரும்போது குருதியிற் கலக்கும் ட்ரோபோனின் என்னும் புரதம், இருதயம் நீர்ச்சுமையால் இழுபடும்போது சுரக்கும் ஒருவகைப் புரதம், ஒலியலைப் படத்திற் காணும் இடது இதயவறையின் தடிப்பு, குருதியிலுள்ள அல்புமினின் அளவு ஆகியவை கொலஸ்திரோலினும் தெளிவாக வருவதை உணர்த்துகின்றன. ஆயினும் எந்தக் கோலும் நூறு பேரிற் பொதுவாக நிகழக்கூடியதையே கூறும்; தனியொருவரின் நாளைக் குறித்துக் கூறாது. ஆபத்து மிகுதி என்று கேட்டவர் மனந்தளர வேண்டியதில்லை. குறைவு என்று கேட்டவர் அசட்டையாயிருத்தலும் தகாது.

முன்னறிதலின் பயன் முன்காத்தலே. வைத்தியர் விதித்த அளவுக்கு மேல் உப்பும் நீரும் கொள்ளாதிருத்தல், பொற்றாசியம் மிகுந்த உணவுகளை அளவோடு உண்ணல், ஒரு முறையேனும் சுத்திகரிப்பைத் தவறவிடாதிருத்தல் ஆகியன இன்றியமையாதவை. கொலஸ்திரோல் மருந்தை ஏற்கெனவே உண்டு வருவோர், மேற்கூறிய ஆராய்ச்சிகளைக் கேட்டுத் தாமாக அதனை நிறுத்தலாகாது.

வீட்டார் நினைவிற் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நீரிழிவு நரம்புகளைத் தாக்குவதால், மாரடைப்பு நேரும்போது நெஞ்சு நோவே தோன்றாதிருக்கலாம். மூச்சுத் திணறலும், காரணமற்ற வியர்வையும், திடீர்ச் சோர்வும் மட்டுமே அடையாளமாகலாம். அவற்றைக் கண்டவுடன், அடுத்த சுத்திகரிப்பு நாள் வரட்டும் என்று காத்திராமல், நோயாளியை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். எந்தக் கோலும் அளந்து கூறாத அந்த வேளையில், அருகிலிருப்பவரின் விழிப்பே ஓர் உயிரைக் காக்கும்.