விளம்பரக் காசு வீணாகாமல் இருக்க...

சத்துமாவு, பருப்புப் பொடி, வடகம் என்று வீட்டிலேயே தயாரித்து விற்கும் பெண்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அக்கம்பக்கத்து வியாபாரம் போதாமல் கூகுளில் விளம்பரம் கொடுப்பவர்களும் உண்டு. அவர்களில் சிலர், "பணம் போனதுதான் மிச்சம், ஒரு ஆர்டர்கூட வரலை" என்று அலுத்துக் கொள்கிறார்கள். மாவு நன்றாகத்தான் இருக்கிறது. பின்னே ஓட்டை எங்கே?

ஓட்டை எங்கே?

கூகுள் 2000-ம் ஆண்டு அக்டோபரில் 'ஆட்வேர்ட்ஸ்' என்ற விளம்பர முறையைத் தொடங்கியது. 2018-ல் அதற்கு 'கூகுள் ஆட்ஸ்' என்று பெயர் மாறியது. நாம் சில சொற்களைக் கொடுத்து வைக்கிறோம். யாராவது அவற்றையொட்டித் தேடினால் நம் விளம்பரம் தெரியும். பார்த்துவிட்டுப் போனால் காசு இல்லை. விளம்பரத்தைத் தொட்டால்தான் காசு.

'சத்துமாவு' என்று கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். இந்தச் சொல்லைத் தேடுகிறவர்கள் எல்லோரும் வாங்க வருபவர்களா? 'சத்துமாவு செய்வது எப்படி' என்று ஒருத்தி தேடுவாள். இன்னொருவர் அரைக்கும் மெஷின் தேடுவார். அங்கன்வாடியில் தரும் சத்துமாவைப் பற்றி விசாரிப்பவர் உண்டு. 'பேக்கிங் வேலை கிடைக்குமா' என்று தேடுபவரும் உண்டு. இவர்கள் தொட்டாலும் காசு நம்முடையதுதானே!

ஒரு தொடுகைக்கு 10 ரூபாய், நாளைக்கு 100 ரூபாய் என்று வைத்தால் பத்துப் பேர் வருவார்கள். அதில் ஆறு பேர் வாங்காதவர்கள் என்றால் தினம் 60 ரூபாய், மாதம் 1,800 ரூபாய் வீண். குழந்தைக்குப் பால் வாங்குகிற காசு அல்லவா அது?

விலக்குச் சொற்கள்

இதற்கு மருந்தும் அங்கேயே இருக்கிறது. 'நெகட்டிவ் கீவேர்ட்' என்பார்கள். 'இந்தச் சொல் வந்தால் என் விளம்பரத்தைக் காட்டாதே' என்று முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் அது. முறத்தில் போட்டுப் புடைத்து உமியைத் தள்ளுகிற வேலை என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

இதில் மூன்று வகை உண்டு. 'சத்துமாவு மெஷின்' என்ற இரண்டு சொற்களையே பார்ப்போம்.

1. குறி எதுவும் போடாமல் கொடுத்தால், இரண்டு சொற்களும் எந்த வரிசையில் இருந்தாலும் விளம்பரம் வராது. 'சத்துமாவு அரைக்கும் மெஷின்' என்ற தேடலும் இதில் அடைபடும்.

2. இரட்டை மேற்கோள் குறிக்குள் கொடுத்தால், அதே வரிசையில் சேர்ந்து வந்தால் மட்டுமே அடைபடும். நடுவில் 'அரைக்கும்' வந்தால் தப்பித்துவிடும்.

3. சதுர அடைப்புக்குள் கொடுத்தால், அந்த இரண்டு சொற்களை மட்டும் தேடினால்தான் அடைபடும்.

எங்கே கண்டுபிடிப்பது?

விளம்பரக் கணக்கில் 'சர்ச் டேர்ம்ஸ்' என்று ஒரு அறிக்கை இருக்கும். ஜனங்கள் என்னென்ன தேடி நம்மிடம் வந்தார்கள் என்று அதில் பார்க்கலாம். எல்லாத் தேடலும் அதில் வராது என்றாலும் வருகிறதே போதும். பொடி வியாபாரம் செய்யும் என் ஓர்ப்படி, ஞாயிறு மத்தியானம் சமையல்கட்டு வேலை முடிந்ததும் இதைத்தான் எடுத்து வைத்துக் கொள்வாள். "வாங்கற ஜனங்களைத் தேடறதைவிட, வாங்காதவங்களை விலக்கறது சுலபம் அக்கா" என்பாள். அனுபவப் பேச்சு!

கவனிக்க வேண்டியவை

* 'இலவசம்' என்று விலக்கினால் 'இலவச', 'இலவசமாக' என்பவை தாமாக விலகாது. ஒவ்வொன்றையும் தனியே கொடுக்க வேண்டும். எழுத்துப் பிழைகளை மட்டும் 2024 முதல் கூகுளே பார்த்துக் கொள்கிறது.

* பலர் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள். 'ரெசிபி', 'ஜாப்' போன்றவற்றை ஆங்கிலத்திலும் சேர்த்து விடுங்கள்.

* 'எப்படி' என்ற ஒற்றைச் சொல்லை விலக்கினால், 'சத்துமாவு ஆர்டர் செய்வது எப்படி' என்று தேடும் நல்ல வாடிக்கையாளரும் போய்விடுவார். 'செய்முறை' என்று கொடுப்பது மேல்.

* 'விலை' என்பதை விலக்கவே கூடாது. விலை கேட்கிறவர்தானே வாங்குவார்?

* 'சத்துமாவு' என்பதையே குறியில்லாமல் விலக்குப் பட்டியலில் போட்டுவிட்டால், அந்தச் சொல் உள்ள தேடல் எதிலும் உங்கள் விளம்பரம் வராது. கடையைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்ட கதைதான்.

முதல் மாதம் வாரம் ஒரு தரமும், பிறகு மாதம் ஒரு தரமும் அறிக்கையைப் பார்த்தால் போதும். பட்டியலை ஒரேயடியாக நீட்டாமல், நாலைந்து சொற்களாகச் சேர்த்து, ஆர்டர் கூடுகிறதா, குறைகிறதா என்று பாருங்கள். மளிகைக் கணக்கில் ஒரு ரூபாய் விடாத நமக்கு இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, சகோதரிகளே!