பல் செய்யாத குற்றம்

என் அக்காவின் பேரனுக்கு அப்போது எட்டு மாதம். மூன்று நாளாகப் பேதி. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அவன் ஈறைத் தடவிப் பார்த்துவிட்டு, "பல்லு மொளைக்குது, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். மருந்துக்கடையிலும் அதையே சொல்லி, ஈறில் தடவ ஒரு ஜெல்லைக் கொடுத்தார்கள். நானும் தலையாட்டினேன். மூன்றாம் நாள் சாயங்காலம் வந்த நர்சம்மா வாய்ப்பக்கமே போகவில்லை. வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டார். மடிப்பு சட்டென்று விரியாமல் மெதுவாகப் படிந்தது. "காலையிலேர்ந்து எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனான்?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அன்றிரவு ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து, கரண்டி கரண்டியாக ஓஆர்எஸ் புகட்டித்தான் பிள்ளை தேறினான். முதல் பல் தலைகாட்டியது அதற்குப் பதினெட்டு நாள் கழித்து.

பேதி வந்தால் பல், காய்ச்சல் வந்தால் பல், இருமினால்கூடப் பல். இந்தப் பழி எப்படி வந்தது என்று புரிய, ஈறுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பால்பல்லின் மொட்டு, தாயின் வயிற்றில் ஆறாவது வாரத்திலேயே உருவாகத் தொடங்கிவிடுகிறது. பிறக்கும்போது தாடை எலும்புக்குள் இருபது பற்களும் ஏதோ ஒரு கட்டத்தில் வளர்ந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு மெல்லிய உறைப்பை மூடியிருக்கும். பல்லை வெளியே கொண்டுவரும் வேலையில் பெரும்பங்கு இந்தப் பைக்குத்தான். நேரம் வந்ததும் அது ரசாயனச் சமிக்ஞைகளை அனுப்பி, எலும்பைக் கரைக்கும் செல்களை வரவழைக்கிறது. அவை பல்லுக்கு மேலே இருக்கும் எலும்பை அரித்து வழி செய்கின்றன; கீழே புது எலும்பு சேர்கிறது. 1980களில் மார்க்ஸ், கேஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நாய்க்குட்டிகளிடம் ஒரு விசித்திரமான சோதனை செய்தார்கள். பல்லை எடுத்துவிட்டு, உறைப்பைக்குள் பல் வடிவில் ஒரு போலித் துண்டை வைத்தார்கள். அந்தப் போலிப் பல்லும் மேலே வந்தது! பையை எடுத்துவிட்டால் உண்மையான பல் அசையவே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஈறைக் கத்திபோலக் கிழித்துக்கொண்டு பல் வருவதாகத்தான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். அப்படியில்லை. பல்லை மூடியிருக்கும் மேல்தோலும் ஈறின் மேல்தோலும் ஒன்றோடொன்று இணைந்து, நடுவிலிருக்கும் செல்கள் தாமாக மடிந்து, ஒரு வாசல் திறக்கிறது. அதனால்தான் சாதாரணமாக ரத்தம் வருவதில்லை. ஆனால் இந்த இடிப்பு வேலை நடக்கும் இடத்தில் அழற்சி உண்டாக்கும் பொருட்கள் சுரக்கின்றன. ஈறு சிவப்பது, தடிப்பது, நமைச்சல் எடுப்பது, பிள்ளை கையில் கிடைத்ததையெல்லாம் கடிப்பது எல்லாம் இதனால். தாடைக்கும் காதுப்பக்கத்துக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போவதால், ஈறில் வலித்தால் காதைத் தேய்த்துக்கொள்ளும். சில பிள்ளைகளுக்கு ஈறில் நீல நிறத்தில் சின்ன வீக்கம் தெரியும். அது பல்லைச் சுற்றித் தேங்கிய நீர். பல் வந்ததும் பெரும்பாலும் தானே வடிந்துவிடும்.

ஜொள்ளு மட்டும் கொஞ்சம் வேறு கதை. மூன்று, நான்கு மாதத்தில் உமிழ்நீர்ச் சுரப்பிகள் சுறுசுறுப்பாகிவிடுகின்றன. சுரப்பதை ஒழுங்காக விழுங்கப் பிள்ளைக்கு இன்னும் பழகவில்லை. தடுத்து நிறுத்தப் பல்வரிசையும் இல்லை. எனவே ஒழுகுகிறது, கன்னமும் மோவாயும் சிவக்கின்றன. பல் வர இன்னும் இரண்டு மாதம் இருக்கலாம்.

அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் 125 குழந்தைகளின் பெற்றோரைத் தினமும் குறிப்பெழுதச் சொல்லி, 475 பற்கள் முளைத்ததைக் கணக்கெடுத்த ஆய்வு 2000இல் வெளியானது. பல் வெளிவரும் நாளுக்கு நான்கு நாள் முன்பும் மூன்று நாள் பின்பும் கடித்தல், ஜொள்ளு, சிணுங்கல், காது தேய்த்தல், திட உணவில் ஆர்வக் குறைவு, உடம்பு லேசாகச் சுடுதல் ஆகியவை கூடின. பேதி கூடவில்லை. வாந்தி, இருமல், 102 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் காய்ச்சல் எதற்கும் பல்லோடு தொடர்பு தெரியவில்லை.

அப்புறம் ஏன் ஆறாம் மாதத்துக்குப் பிறகு பிள்ளைக்கு அடிக்கடி உடம்புக்கு வருகிறது? தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருட்கள் அந்தச் சமயத்தில்தான் குறைகின்றன. அப்போதுதான் இட்லியும் பருப்புச்சாதமும் ஊட்ட ஆரம்பிக்கிறோம். பிள்ளை தவழ்ந்து, தரையில் கிடக்கும் செருப்பைக்கூட வாயில் வைக்கிறது. பல்லும் அதே மாதங்களில் வருவதால் மாட்டிக்கொள்கிறது.

இந்தப் பழி பல உயிர்களை வாங்கியிருக்கிறது. இங்கிலாந்தின் 1839ஆம் ஆண்டு மரணப் பதிவுகளில் 5,016 சாவுகளுக்குக் காரணம் 'பல் முளைத்தல்' என்று எழுதியிருக்கிறார்கள்! அங்கே பல் முளைக்கும் வலிக்கு என்று விற்ற பொடிகளில் பாதரச உப்பு இருந்தது. கையும் காலும் இளஞ்சிவப்பாகி, தோல் உரிந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் குழந்தைகள் துடித்தன. காரணம் பாதரசம்தான் என்று தெரியவே 1940கள் ஆயின. 1954இல் பொடியிலிருந்து அது நீங்கியதும் அந்த நோயும் அரிதாகிப்போனது.

இன்றைக்குப் பொடியின் இடத்தில் ஜெல். மரத்துப்போகச் செய்யும் பென்சோகெய்ன் கலந்த ஜெல், சில குழந்தைகளுக்கு ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும். இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்தது. கோலின் சாலிசிலேட் என்பது ஆஸ்பிரின் குடும்பம். அது கலந்த வாய் ஜெல்லை 16 வயதுக்கு உட்பட்டோருக்குப் பிரிட்டனில் 2009இலேயே நிறுத்திவிட்டார்கள். ஆகவே டியூபைத் திருப்பி, பொடி எழுத்தைப் படியுங்கள். தடவிய ஜெல் எப்படியும் ஜொள்ளோடு வழிந்துவிடும் என்பது வேறு விஷயம். ஈறில் தேன் தடவுவதும் ஒரு வயது வரை வேண்டாம். அரிதாக உயிருக்கு ஆபத்தான கிருமி நஞ்சு வரும். கையில் கட்டும் வசம்புத் துண்டும் கருகமணியும் அறுந்தால் நேரே தொண்டைக்குத்தான் போகும்.

நமைச்சலுக்கு, கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு விரலால் ஈறை அழுத்தித் தேய்த்தாலே போதும். சுத்தமான துணியை நனைத்து ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்துக் கடிக்கக் கொடுக்கலாம். ஃப்ரீசரில் வேண்டாம், ஈறு புண்ணாகும். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். பேதி என்றால் ஒவ்வொரு தடவைக்கும் 50 முதல் 100 மில்லி ஓஆர்எஸ். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 14 நாள் துத்தநாக மாத்திரையும் உண்டு. கண் குழிவிழுதல், ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகாமை, பால் குடிக்க மறுப்பு, மலத்தில் ரத்தம், வலிப்பு, மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 100.4 டிகிரி காய்ச்சல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் 108க்கு அடியுங்கள்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓஆர்எஸ்ஸும் துத்தநாகமும் இலவசம், கேட்டு வாங்குங்கள். கடையில் வாங்கினால் பெயரில் ஏமாறாதீர்கள். சர்க்கரைத் தண்ணீரைப் பழச்சுவையோடு 'ஓஆர்எஸ்' என்ற பெயர் ஒட்டி விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. ஒரு மருந்தால் பிள்ளைக்குக் கெடுதல் என்று பட்டால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் யார் வேண்டுமானாலும் தெரிவிக்கலாம். வாங்கிய மருந்தைக் கட்டணம் கட்டி அரசு பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கும் உரிமையை 1940ஆம் ஆண்டு மருந்துகள் சட்டத்தின் 26ஆம் பிரிவு தருகிறது. நுகர்வோர் புகாருக்கு 1915. ஐந்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லை. புகாருக்கும் வழக்குக்கும் பில் கையில் இருந்தால் நல்லது. நாங்கள் அந்த ஜெல்லுக்குப் பில் வாங்கவில்லை. அட்டைப்பெட்டியையும் அன்றே குப்பையில் போட்டிருந்தோம்.